பட்டினி போட்ட ஹீலா செல்களில் லியூசின் குறைகிறது, மீத்தைல்-ஏஐபி கூடுகிறது. எதை நம்புவது?

வைகைக்கரை (மதுரை):
வணக்கம். பல்கலை நகர் பக்கம் ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிறேன். ஹீலா செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) அமினோ அமிலமே இல்லாத உப்புக் கரைசலில் 4 மணி நேரம் வைத்துவிட்டு, கதிரியக்கக் குறியிட்ட லியூசின் என்ற அமினோ அமிலமும், மீத்தைல்-ஏஐபி என்ற செயற்கை அமினோ அமிலமும் எவ்வளவு உள்ளே போகின்றன என்று தனித்தனியாக அளக்கிறேன். பசித்த செல் இரண்டையும் அள்ளிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். மீத்தைல்-ஏஐபி நன்றாகவே கூடுகிறது. லியூசினோ பட்டினி போடாத செல்லைவிடக் குறைகிறது. செல்கள் தட்டில் நன்றாக ஒட்டியிருக்கின்றன, புரத அளவிலும் வித்தியாசமில்லை. கரைசலில் கோளாறா?

பைப்பெட்:
சோடியம் இல்லாமல் அளக்க, சோடியம் குளோரைடுக்குப் பதில் கோலின் குளோரைடு போட்டுப் பார்த்தீர்களா? பஃபரில் உள்ள சோடியம் பாஸ்பேட்டையும் பொட்டாசியம் உப்பாக மாற்றுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

வைகைக்கரை:
பார்த்தேன் சார், பாஸ்பேட்டையும் மாற்றித்தான். மீத்தைல்-ஏஐபி ஏறக்குறைய நின்றேவிட்டது. லியூசின் அளவு மாறவில்லை.

திருநகர் அக்கா:
அப்படியானால் கரைசல் சரிதான்மா. இரண்டு அளவையும் நம்பு. அவை வேறு வேறு வழிகள். எர்லிக் கட்டி செல்களை (சுண்டெலிப் புற்றுநோய்ச் செல்கள்) வைத்து ஆக்செண்டரும் கிறிஸ்டென்சனும் 1963-இலேயே இதைப் பிரித்துக் காட்டினார்கள்.

மீத்தைல்-ஏஐபி போவது 'ஏ' எனப்படும் கடத்தல் அமைப்பில். அதற்குச் சோடியம் வேண்டும். பட்டினி கிடந்தால் செல் அந்தக் கடத்திப் புரதத்தைப் புதிதாகச் செய்து கூட்டிக்கொள்ளும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். பட்டினியின்போது, புரத உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு சேர்த்துப் பார், அந்த உயர்வு அடங்க வேண்டும்.

லியூசின் பெரும்பாலும் 'எல்' அமைப்பில், எல்ஏடி1 என்ற கடத்திப் புரதம் வழியாகப் போகும். அது பண்டமாற்று. உள்ளிருந்து ஓர் அமினோ அமிலம் வெளியே வந்தால்தான் வெளியிலிருந்து ஒன்று உள்ளே போகும். 4 மணி நேரத்தில் உள்ளிருப்பு வற்றியிருக்கும், மாற்றிக் கொடுக்கச் செல்லிடம் சரக்கில்லை.

வைகைக்கரை:
இப்போது புரிகிறது அக்கா! இதை எப்படி உறுதிப்படுத்துவது?

திருநகர் அக்கா:
பட்டினி முடிந்ததும் 2 மில்லிமோலார் பினைல்அலனினில் கொஞ்ச நேரம் வை. அதுவும் 'எல்' வழியில் போகும் அமினோ அமிலம்தான், மாற்றிக் கொடுக்கச் சரக்காக உள்ளே சேரும். சட்டென்று கழுவிவிட்டு லியூசினை 1 நிமிடம் மட்டும் அள. வெளியே பினைல்அலனின் மிச்சமிருந்தால் அதுவே போட்டிக்கு நிற்கும், கழுவுவதில் கவனம். லியூசின் ஏறினால் காரணம் உறுதி. தட்டின் இன்னொரு குழியில், 'எல்' அமைப்பைத் தடுக்கும் பிசிஎச் சேர், அந்த ஏற்றம் மறைய வேண்டும்.

பைப்பெட்:
அளவை நிறுத்தக் கழுவும் கரைசல் பனிக்கட்டிக் குளிரில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் மேசைமேல் வைத்தால் சீக்கிரமே சூடேறும், உள்ளே போன லியூசின் வெளியேறிவிடும். பாட்டிலைக் கழுத்துவரை ஐஸில் புதைத்து வையுங்கள்.