பிடிஆர்எஃப்எஸ்: இரண்டாவது வட்டைச் சேர்த்த பிறகும் தரவு ஏன் ஒரே பிரதியாக இருக்கிறது?

கேள்வி

வணக்கம். குடும்ப ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் சேமிப்பதற்காகப் பழைய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, 4 டிபி வட்டு ஒன்றைப் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையாக வடிவமைத்துப் பயன்படுத்தி வருகிறேன். இதுவரை 2.6 டிபி நிரம்பியிருக்கிறது. சென்ற வாரம் அதே கொள்ளளவுள்ள இன்னொரு வட்டை வாங்கி, டிவைஸ் ஆட் கட்டளையால் சேர்த்தேன். வட்டுகள் இரண்டாகிவிட்டதால் இனி எல்லாமே இரு பிரதிகளாக எழுதப்படும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் யூசேஜ் கட்டளை தரவுக்கு 'சிங்கிள்' என்றும் மெட்டாடேட்டாவுக்கு (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பன போன்ற உள்குறிப்புகள்) 'டப்' என்றும் காட்டுகிறது. பிரதிகளின் எண்ணிக்கையை இந்தக் கோப்பு முறைமை எதைக் கொண்டு முடிவு செய்கிறது? பின்னர் 8 டிபி வட்டு ஒன்றையும் சேர்க்க நினைக்கிறேன்; அதையும் கருத்தில் கொண்டு விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம். பிடிஆர்எஃப்எஸ் வட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரதிகளை முடிவு செய்வது, வடிவமைக்கும் அந்த ஒரு வேளையில் மட்டுமே. ஒரே வட்டைக் கொடுத்து வடிவமைத்தால் தரவு சிங்கிள் (ஒரே பிரதி), மெட்டாடேட்டா டப்; பல வட்டுகளைக் கொடுத்தால் தரவு சிங்கிள், மெட்டாடேட்டா ரெய்டு1 (இரு வேறு வட்டுகளில் ஒவ்வொரு பிரதி) என்பவையே இன்றைய இயல்பு அமைப்புகள். அதன் பிறகு நீங்களாகச் சொல்லும்வரை அது தன் முடிவை மாற்றிக்கொள்வதில்லை.

வட்டிலுள்ள இடத்தை அது சங்க் எனப்படும் பெரிய துண்டுகளாக ஒதுக்குகிறது; தரவுக்கான துண்டு வழக்கமாக 1 ஜிபி அளவுடையது. ரெய்டு1, சிங்கிள் போன்ற அமைப்பு ஒவ்வொரு துண்டுத் தொகுதியோடும் தனித்தனியே பதிவாகிறது. ஆகவே ஒரே கோப்பு முறைமைக்குள் சிங்கிளாக எழுதப்பட்ட பழைய தரவும் ரெய்டு1ஆக எழுதப்பட்ட புதிய தரவும் அருகருகே இருக்க முடியும்.

இப்போதைய நிலை முன்பிருந்ததைவிட ஆபத்தானது என்பதையும் சொல்லியாக வேண்டும். டப் என்றால் இரண்டு பிரதிகளும் ஒரே வட்டில்தான் இருக்கும். புதிய துண்டுகள் காலியிடம் மிகுந்த புதிய வட்டுக்குச் செல்வதால், சில நாட்களில் மெட்டாடேட்டா இரு வட்டுகளிலும் பரவிவிடும். பிறகு எந்த வட்டு பழுதானாலும் முழுக் கோப்பு முறைமையுமே திறக்காமல் போகலாம். எனவே தள்ளிப்போடாமல், துண்டுகளை மீண்டும் எழுதும் பேலன்ஸ் கட்டளையில் தரவு, மெட்டாடேட்டா இரண்டுக்கும் அமைப்பை மாற்றும் கன்வர்ட் விருப்பங்களை ரெய்டு1 எனக் குறிப்பிட்டு இயக்குங்கள். நெடுநேரம் எடுக்கும், இடையில் நிறுத்திவைத்துத் தொடரலாம்.

ரெய்டு1 என்பது இங்கே எத்தனை வட்டுகள் இருந்தாலும் சரியாக இரண்டே பிரதிகள். மூன்றோ நான்கோ வேண்டுமானால், 2020 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 5.5 முதல் ரெய்டு1சி3, ரெய்டு1சி4 என்ற அமைப்புகள் உள்ளன. 4, 4, 8 டிபி வட்டுகளில் ரெய்டு1 மூலம் 8 டிபி பயன்படும்: ஒரு பிரதி பெரிய வட்டிலும் மற்றது சிறிய வட்டுகளில் ஒன்றிலும் அமையும். ஆனால் சிறிய இரண்டும் முழுவதும் நிரம்பிய பிறகு பெரியதைச் சேர்த்தால், அதில் 8 டிபி காலியாக இருந்தும் ஒரு துண்டுகூட ஒதுக்க முடியாது. இரண்டாம் பிரதிக்கு வேறு வட்டில் இடமிருக்காது. அப்போதும் பேலன்ஸ் இயக்கித்தான் இடத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டும்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு, நான் பட்ட இழப்பு ஒன்றையும் பகிர்கிறேன். இரு வட்டு ரெய்டு1இல் ஒரு வட்டு பழுதானபோது, மற்றதை, ஒரு வட்டு இல்லாமலேயே திறக்க உதவும் டிகிரேடட் விருப்பத்தோடு ஏற்றி மூன்று வாரங்கள் வழக்கம்போல் எழுதிவந்தேன். பிறகு ரிப்ளேஸ் கட்டளையால் புதிய வட்டைப் பொருத்தினேன். பிழை ஏதும் வராததால் எல்லாம் சரியாகிவிட்டதென்று நம்பினேன். ஒரே வட்டு இருந்த அந்த நாட்களில் புதிதாக ஒதுக்கப்பட்ட துண்டுகள் சிங்கிளாகவே உருவாகியிருந்ததையும், ரிப்ளேஸ் அவற்றை ரெய்டு1ஆக மாற்றுவதில்லை என்பதையும் நான் அறிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு பழைய வட்டும் போனபோது, அந்த மூன்று வாரங்களில் சேமித்த தரவின் பெரும்பகுதி அதோடு போய்விட்டது. ஆகவே வட்டை மாற்றிய உடனே கன்வர்ட் விருப்பத்தோடு 'சாஃப்ட்' என்பதையும் சேர்த்து பேலன்ஸ் இயக்குங்கள். ஏற்கெனவே ரெய்டு1ஆக இருப்பவற்றைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் அது மாற்றும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பேலன்ஸ் முடிந்துவிட்டது, இப்போது யூசேஜ் காட்டும் தரவு, மெட்டாடேட்டா, சிஸ்டம் என்ற மூன்று வரிகளிலும் ரெய்டு1 என்றே காட்டுகிறது. மெய்நிகர் கணினி ஒன்றின் வட்டுக் கோப்பை, வேகத்துக்காக நகலெடுத்து எழுதும் முறையை (மாற்றங்களைப் பழைய தரவின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவது) நிறுத்திய கோப்புறையில் வைத்திருக்கிறேன். அதற்கும் இதே பாதுகாப்பு உண்டா?

மறுமொழி 1

இரு பிரதிகள் உண்டு. ஆனால் அவற்றில் எது சரியானது என்று கண்டறியும் வழி இல்லை. அந்த முறையை நிறுத்தினால், தரவு சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையும் நின்றுவிடும். மற்ற கோப்புகளில் ஒரு பிரதி சிதைந்தால், எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் கட்டளை இயங்கும்போது தொகை பொருந்தாததைக் கண்டு நல்ல பிரதியிலிருந்து திருத்தும். இந்தக் கோப்பில் இரு பிரதிகளும் வேறுபட்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. வேகக் குறைவைப் பொறுக்க முடியுமானால், அந்தக் கோப்பை வழக்கமான கோப்புறை ஒன்றுக்குப் புதிதாக நகலெடுத்து வையுங்கள். இருக்கும் கோப்பின் பண்பை மட்டும் மாற்றினால் போதாது.