புதுப்பிப்பு: நெய் டப்பா மூடியில் வந்த சுருக்கம்

ஊத்துக்குளி நெய்க்காரர் ஒருவருக்கு அடிக்கும் தகர மூடியில் ஓரம் சுருங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் தகட்டைத்தான் சந்தேகப்பட்டீர்கள். மைக்ரோமீட்டரில் பார்த்தால் எல்லா இடத்திலும் 0.25 மி.மீ., ஒரே கனம்.

கோவை கணபதியில் டை (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு) போடும் அண்ணன் மூடியை வாங்கி ஓரத்தை விரலால் தடவினார். "மடிப்பு ஒரு பக்கந்தானுங்க தம்பி. ஸ்பிரிங்கைப் பாருங்க" என்றார். தகட்டின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டருக்கு அடியில் ஒரு பக்க ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தன. பிடி விட்ட இடத்தில் தகடு சேலைக் கொசுவம் மாதிரி மடிந்திருக்கிறது. செட்டாகவே மாற்றிவிட்டோம். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. தகடு உள்ளே இறங்க முடியாமல், அதை உள்ளே தள்ளும் பஞ்சின் வளைவில் கிழியும். தகடு வழுக்கி இறங்கக் கொஞ்சம் டிராயிங் ஆயில் தடவியதும் சரி.

விளிம்பு சுருட்டும் டை இன்னும் பாக்கி. மூடி ஓரத்துப் பிசிரைத் தேய்க்காமல் அதில் ஏற்றுவதாக இல்லை.