டியூரரின் 'ஊதாரி மைந்தன்' அச்சுப்படம், அசலா நகலா?

நண்பர்களே, பழைய அச்சுப்படங்கள் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். ஒரு பழம்பொருள் கடையில் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் 'ஊதாரி மைந்தன்' படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. 1496 வாக்கில் அவர் செம்புத் தகட்டில் செதுக்கியது, பைபிளில் லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் வரும், சொத்தை வீணடித்து வறுமையில் விழுந்த மகனின் உவமை. நற்செய்தியில் அந்த இளைஞன் பன்றி மேய்க்க வயலுக்கு அனுப்பப்படுகிறான், ஆனால் டியூரர் அவனைச் சரிந்த கூரை வீடுகள் சூழ்ந்த ஒரு ஜெர்மன் பண்ணை முற்றத்தில், பன்றிகளுக்கு நடுவே முழங்காலில் நிறுத்தி, கைகளை இறுகக் கோக்க வைத்திருக்கிறார். பன்றிகளின் முதுகு மயிர்கூட ஒவ்வொரு கோடாகத் தெரிகிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அசல் ஏறத்தாழ 25 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம், இதுவும் அந்த அளவுதான். கீழே நடுவில் அவருடைய முத்திரை எழுத்தும் (பெயரின் A, D சேர்ந்த குறி) இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்திலேயே அவர் படங்களைப் பலர் நகலெடுத்ததால் அதை மட்டும் நம்ப முடியாது. லென்ஸில் புள்ளிகள் இல்லை, கோடுகள்தான், அதனால் படத்தைப் புள்ளிகளாக அச்சிடும் சாதாரண ஆஃப்செட் இயந்திர அச்சு இல்லை என்று நினைக்கிறேன். விளிம்பு சட்டத்துக்குள் மறைந்திருப்பதால் அச்சிடும்போது செம்புத் தகடு தாளில் அழுந்திய தடம் உண்டா என்று பார்க்க முடியவில்லை.

சட்டத்தைக் கழற்றக் கடைக்காரர் சம்மதித்திருக்கிறார். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறியில் (தாள் செய்யும்போதே அதற்குள் பதியும் அடையாளம்) எதைத் தேட வேண்டும்? பிற்கால நகல்களைக் காட்டிக்கொடுக்கும் கோடு எது? தெரிந்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.