250 ஓம் ஹெட்ஃபோனுக்கு 5000 ரூபாய்க்குள்ள ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), கேமிங்குக்கு எது வாங்கலாம்?

கோத்தகிரி_குளிர்:
வணக்கம்ணா எல்லாருக்கும். கோவைல இருக்கற மாமா பையன் அவன் வெச்சிருந்த பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ ஹெட்ஃபோன எனக்குக் குடுத்துட்டான், 250 ஓம் மாடல், கண்டிசன் நல்லாவே இருக்கு. பிசில முன்னாடி ஜாக்ல சொருகிக் கேக்கறேன். பாட்டு பரவால்ல, ஆனா வாலரண்ட் ஆடறப்ப காலடிச் சத்தமே சரியா கேக்க மாட்டேங்குது, அதுலயும் பசங்களோட டிஸ்கார்ட்ல பேசிட்டே ஆடினா சுத்தமா அமுங்கிடுது. வால்யூம் நூறுல வெச்சும் இதே கதைதான். இன்னொன்னு, மவுஸ நகத்துனா காதுல கிர்ர்னு ஒரு சின்ன சத்தம், மேப் லோட் ஆகறப்ப அது இன்னும் ஜாஸ்தி.

பட்ஜெட் 5000, அதுக்கு மேல இப்ப முடியாது. ஆன்லைன்ல ரெண்டு குட்டி டியூப் எரியற மாதிரி ஒரு ஆம்ப் 3000 பக்கம் பாத்தேன், பாக்கவே அழகா இருக்கு, அத வாங்கலாமா? இங்க கடைல போய்க் கேட்டுப் பாத்து வாங்கற வசதி இல்ல, ஆர்டர் போட்டுட்டு புடிக்கலன்னா திருப்பி அனுப்பறது பெரிய வேலை, அதான் முதல்லயே கேக்கறேன்.

ஃப்ராக்_ஃப்ராக்:
250 ஓம்னா ஆம்ப் இல்லாம ஓடவே ஓடாது ப்ரோ. டியூப் சவுண்டு வார்மா இருக்கும், கண்ண மூடிட்டு எடுங்க.

குன்னூர்_சவுண்டு:
தம்பி, அவசரப்பட்டு எடுத்துடாதீங்க, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாத்துடலாம். 250 ஓம்ங்கற நம்பர மட்டும் பாத்து ஆம்ப் வேணும்னு சொல்ல முடியாது, கூடவே சென்சிட்டிவிட்டியும், அதாவது எவ்வளவு பவருக்கு எவ்வளவு சத்தம் வருதுன்னும் பாக்கணும். டிடி 990 ப்ரோவுக்கு கம்பெனி சொல்றது 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 250 ஓம்ல 1 வோல்ட் குடுத்தா 4 மில்லிவாட் போகும், பவர் ரெட்டிப்பானா 3 டெசிபல் ஏறும், ரெண்டு தடவை ரெட்டிப்பாகுது, அப்ப 102 டெசிபல். அது கேம்ல பக்கத்துல குண்டு வெடிக்கறப்ப வர்ற உச்ச சத்தம், ஆட்டத்தோட சராசரி அதுக்கு 20 டெசிபல் கீழ இருந்தாலும் 80க்கு மேல வந்துடும். காதுக்கு அதுவே தாராளம். பெரும்பாலான மதர்போர்டு 1 வோல்ட்ட ஒட்டிக் குடுத்துடும். அதனால உங்க பிரச்சினை பவர் பத்தாதது மட்டுந்தான்னு எனக்குத் தோணல.

டிஸ்கார்ட்ல பேசறப்ப அமுங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் விசயமே இருக்கு. விண்டோஸ்ல பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனல்ல கம்யூனிகேசன்ஸ்னு ஒரு டேப் இருக்கும். யாராவது கால்ல பேசினா மத்த சத்தத்தை எல்லாம் 80 சதவீதம் குறைக்கணும்னு அதுல தானாவே செட் ஆகி இருக்கும். அத ‘டூ நத்திங்’னு மாத்துங்க. டிஸ்கார்ட் செட்டிங்ஸ்லயும் அட்டென்யுவேசன்னு ஒன்னு இருக்கு, அத பூஜ்யத்துக்குக் கொண்டுவாங்க.

அப்பறம் அந்த கிர்ர். முன்னாடி ஜாக்குக்குப் போற ஒயர் கேபினெட்டுக்குள்ள கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்துலயே போகுது, அங்க ஓடற கரண்டோட இரைச்சல எல்லாம் அது வாங்கிக்கும். ஹெட்ஃபோன பின்னாடி பச்சை ஜாக்ல சொருகிப் பாருங்க. சில போர்டுல ஹெட்ஃபோன் ஆம்ப் முன் ஜாக்குக்கு மட்டுந்தான் இருக்கும், சிலதுல பின்னாடி, அதனால ரெண்டுலயும் ஒரே பாட்ட ஒரே வால்யூம்ல கேட்டுட்டு வந்து சொல்லுங்க.

டியூப் ஆம்ப் வேண்டவே வேண்டாம். அந்த விலைல வர்றதுல நிறைய 6ஜே1ங்கற டியூப் போட்ட ப்ரீஆம்ப்தான், அதாவது இன்னொரு ஆம்புக்கு முன்னாடி மாட்டறது, ஹெட்ஃபோன ஓட்டறதுக்கு செஞ்சதே இல்ல, டியூப் ஆரஞ்சுல ஜொலிக்கறது பல மாடல்ல அடில வெச்சிருக்கற எல்இடி. முக்கியமா, மதர்போர்டு ஜாக்ல இருந்து ஒயர் எடுத்து ஆம்புக்குக் குடுத்தீங்கன்னா அந்த கிர்ரும் சேர்ந்துதான் பெருசாகும். ஆம்புக்கு எது நல்ல சத்தம் எது இரைச்சல்னு தெரியாது.

கோத்தகிரி_குளிர்:
ரொம்ப தேங்க்ஸ்ணா!! கம்யூனிகேசன்ஸ் டேப்ல நீங்க சொன்ன மாதிரியே 80ல டிக் ஆகிக் கெடந்துச்சு. மாத்துன உடனே கேம்ல ஸ்பைக் (குண்டு) வெக்க வர்றவன் படிக்கட்டுல ஏர்றதே கேக்குது. பின்னாடி ஜாக்ல மவுஸ் சத்தம் சுத்தமா போயிடுச்சு, ஆனா வால்யூம் முன்னாடிய விட கொஞ்சம் கம்மி. அப்பறம் ம்ம்ம்னு மெல்லிசா ஒரு ஹம் மட்டும் பின்னணில ஓடிட்டே இருக்கு, கேபினெட்ட கையால தொட்டா அது மாறுது. கேபினெட் தொட்டா சுர்ருனு வேற இருக்கும், மழை நாள்ல வெறுங்கால்ல நின்னா நல்லாவே தெரியும். அது எப்பவும் அப்படித்தான்.

கூடலூர்_ஒயர்மேன்:
தம்பி, எப்பவும் அப்படித்தான்னு விட்டுறாதீங்க, இது ஆம்ப விட முக்கியம். நான் ஒயரிங் வேலை பாக்கறவன், மலைல பழைய வீடுகள்ல இத நிறைய பாத்துருக்கேன்.

பிசிக்குள்ள இருக்கற எஸ்எம்பிஎஸ்ல (கரண்ட் குடுக்கற பவர் சப்ளை டப்பா) இரைச்சல வடிகட்ட ஃபேசுக்கும் பாடிக்கும் நடுவுல ஒன்னு, நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவுல ஒன்னுன்னு குட்டி கெபாசிட்டர் இருக்கும். எர்த் இருந்தா அதுல கசியற கரண்ட் எர்த்ல எறங்கிடும். எர்த் இல்லன்னா மொத்த கேபினெட்டும் 230ல பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட்ல மிதக்கும். கரண்ட் ரொம்ப கம்மிங்கறதால சுர்ருனு மட்டும் இருக்கு, ஆனா எஸ்எம்பிஎஸ்ல ஒரு நாள் பழுதாகி ஃபேஸ் நேரா பாடில பட்டுச்சுன்னா எர்த் இல்லாத வீட்ல ஃபியூஸும் போகாது, தொடறவங்களுக்குத்தான் அடி. அந்த ஹம்மும் இதுலதான் வருது.

மூணு பின் சாக்கெட்ல மேல இருக்கற பெரிய ஓட்டைல ஒயர் இருக்கான்னு முதல்ல பாக்கச் சொல்லுங்க, பல வீட்ல பிளேட் மட்டும் மூணு பின், உள்ள ரெண்டே ஒயர்தான் வரும். ஒயர் இருந்தா ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவுல 230ஐ ஒட்டிக் காட்டணும், எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். மீட்டர்ல சரியா காட்டினாலும் வெளிய மண்ணுல பைப்பு எறக்கியிருக்கற எர்த் குழி சரியா இருக்கான்னு தனியா டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும். நம்ம பக்கம் நெறைய எடத்துல மண்ணு கொஞ்சம், கீழ பாறை, பைப்பு ஆழமா எறங்கி இருக்காது. மழைல ஈரமா இருக்கறப்ப வேலை செய்யும், மாசி பங்குனில காஞ்சு போனா செய்யாது. கரியும் உப்பும் போட்டு குழிய திருத்தணும், வெயில் காலத்துல தண்ணி ஊத்தணும். மெயின்ல 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) ஒன்னு கண்டிப்பா போட்டுருங்க. இதெல்லாம் லைசென்ஸ் உள்ள ஆள வெச்சு பண்ணுங்க, நீங்களா சாக்கெட்ட கழட்டாதீங்க.

ஹம் போகணும்னு சில பேரு பிளக்ல எர்த் பின்ன ஒடைக்கச் சொல்லுவாங்க, சாக்கெட்லயே எர்த்தயும் நியூட்ரலயும் கோத்து விடுவாங்க. ரெண்டும் உயிருக்கு ஆபத்து. யாரு சொன்னாலும் கேக்காதீங்க.

தேயிலைக்காட்டு_சேஜ்:
நானும் அருவங்காடு பக்கத்துல இருந்து டிடி 990தான் யூஸ் பண்றேன், ரெண்டு விசயம் மட்டும் சொல்லிக்கறேன். காலடி எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க ஆம்ப் எதுவும் பண்ணாது. வாலரண்ட்ல ஆடியோ செட்டிங்ஸ்ல ஹெச்ஆர்டிஎஃப் (சத்தம் எந்தத் திசைல இருந்து வருதுன்னு காட்டறது) ஆன் பண்ணுங்க, ஸ்பீக்கர் ஸ்டீரியோல இருக்கட்டும், விண்டோஸ் சோனிக் மாதிரியோ 7.1 மாதிரியோ வேற எதையும் அதுக்கு மேல போடாதீங்க. ரெண்டு வேலையும் ஒன்னு மேல ஒன்னு ஏறினா முன்னாடி இருக்கறவனும் பின்னாடி இருக்கறவனும் ஒரே மாதிரி கேப்பாங்க.

இன்னொன்னு, இது ஓப்பன் பேக், வெளி சத்தம் அப்படியே உள்ள வரும். எங்க வீடு தகர ஷீட்டு, ஐப்பசி மழை புடிச்சா மேல கொட்டற சத்தத்துல எதிரி என்ன, நம்ம டீம்ல இருக்கறவன் கத்தறதே கேக்காது, அப்ப கை தானா வால்யூம ஏத்தும். வேலை எடத்துல சத்தத்துக்கு நியாஷ்ங்கற அமெரிக்க வேலை எடப் பாதுகாப்பு அமைப்பு சொல்ற வரம்பு 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 88னா 4 மணி நேரம், 91னா 2 மணி நேரந்தான், 3 ஏறினா நேரம் பாதியாகும். காது ஒரு தடவை போனா திரும்ப வராது. மழை நாளுக்கு சாதாரண க்ளோஸ்டு ஹெட்செட் ஒன்னு தனியா வெச்சுக்கங்க, இல்லன்னா அன்னிக்கு ராங்க்ட் ஆடாம விட்டுருங்க, நான் அப்படித்தான் பண்றேன். வெல்வெட் மாதிரி இருக்கற அந்த பேடு நம்ம ஊரு ஈரத்துல பூசணம் பிடிக்கும், ஆடி முடிச்சதும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வெச்சு மூடுங்க. பேடு தனியா கழட்டி மாத்தலாம், அது ஒரு நிம்மதி.

கோத்தகிரி_குளிர்:
ஒயர்மேன் அண்ணா சொன்னத அப்பாகிட்ட சொல்லி எலக்ட்ரீசியன வரவெச்சோம். என் ரூம் சாக்கெட்ட கழட்டினா எர்த் ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இல்ல, டெர்மினல் ஸ்க்ரூ புதுசா அப்படியே மினுமினுன்னு இருக்கு. கிச்சன்ல இருந்து எர்த் இழுத்து குடுத்துருக்காரு, சுர்ரும் இல்ல ஹம்மும் இல்ல. குழிய மழை விட்டதும் பாக்கறேன்னாரு, ஆர்சிசிபியும் அன்னிக்கே போடச் சொல்லியாச்சு. செலவுல பாதிய நான் குடுக்கறேன்னு சொல்லிட்டேன், அதனால இப்ப ஆம்ப் பட்ஜெட் 2000தான். பின்னாடி ஜாக்ல வால்யூம் மட்டும் இன்னும் கொஞ்சம் வேணும்ணா.

குன்னூர்_சவுண்டு:
நல்ல வேலை பண்ணீங்க தம்பி. 2000க்கு இனி ஆம்ப்னு தேடாதீங்க, யூஎஸ்பில வர்ற குட்டி டாங்கிள் எடுங்க. டிஜிட்டலா வெளிய வந்து அங்க சத்தமா மாறுது, கேபினெட்டுக்குள்ள இருக்கற இரைச்சல் ஒட்ட வாய்ப்பு கம்மி. ஆப்பிளோட டைப்-சி டு 3.5 டாங்கிள் கம்ப்யூட்டர்ல 1 வோல்ட் குடுக்கும், மேல போட்ட கணக்குக்கு அது போதும், சத்தமும் சுத்தமா இருக்கும். ஐரோப்பாவுல விக்கற மாடல் அதுல பாதிதான் குடுக்கும், அதனால யாராவது வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தத வாங்காதீங்க. பிசில டைப்-சி ஓட்டை இல்லன்னா ஒரு கன்வெர்ட்டர் வேணும். மேசை மேல வெக்கற பெரிய டேக்-ஆம்ப் (டிஜிட்டல சத்தமா மாத்தறதும் ஆம்பும் சேர்ந்தது) எல்லாம் 300 ஓம் எச்டி 600 ஹெட்ஃபோன் மாதிரி ஏதாவது வாங்கறப்ப யோசிச்சுக்கலாம்.

மைக்க பத்தி நீங்க கேக்கல, ஆனா கட்டாயம் மாட்டுவீங்க. டாங்கிள்ல ஒரே ஓட்டைதான், உங்க ஹெட்ஃபோன்ல மைக் கிடையாது, அதனால இப்ப வெச்சிருக்கற மைக் பின்னாடி பிங்க் ஜாக்லயே இருக்கட்டும், டிஸ்கார்ட்ல இன்புட்டுக்கு ரியல்டெக் (மதர்போர்டு சவுண்டு), அவுட்புட்டுக்கு டாங்கிள்னு தனித்தனியா தேர்ந்தெடுங்க. ‘டீஃபால்ட்’னு விட்டா ஒவ்வொரு தடவை டாங்கிள கழட்டி மாட்டறப்பவும் விண்டோஸ் மாத்தி வெச்சுடும். வாலரண்ட் உள்ள வாய்ஸ் சேட் டேப்லயும் இதயே ஒரு தடவை பண்ணிடுங்க.