எல்டிஸ்பைஸ் (சர்க்யூட் சிமுலேட்டர்): 7 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டரின் இன்புட் இம்பீடன்ஸ் 34 என்று வருகிறது

அலை40:
40 மீட்டர் ஹாம் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) ஓடும் க்யூஆர்பி, அதாவது குறைந்த பவர், டிரான்ஸ்மிட்டருக்கான லோ-பாஸ் ஃபில்டர். கெப்பாசிட்டர்கள் 270, 680, 680, 270 பிகோஃபாரட்; இடையே காயில்கள் 1.38, 1.70, 1.38 மைக்ரோஹென்றி. லோடு 50 ஓம். ஏசி 1 வோல்ட் சோர்ஸ் கொடுத்து, இன்புட் வோல்டேஜை சோர்ஸ் கரன்ட்டால் வகுத்து வரைந்தேன். 7.1 மெகாஹெர்ட்ஸில் 34, ஃபேஸ் 180 டிகிரி. இருமடங்கான 14.2ல் (இரண்டாம் ஹார்மோனிக்) 37. ஹார்மோனிக்கை வெட்டும் ஃபில்டருக்கு இரண்டும் ஏன் இவ்வளவு பக்கத்தில்?

சுருள்மணி:
சர்க்யூட் சரிதான். நீங்கள் பார்ப்பது டெசிபல். 34 டெசிபல் என்றால் 50 ஓம். இடது அச்சில் ரைட்-கிளிக் செய்து லீனியருக்கு மாற்றுங்கள். 180 டிகிரி வரக் காரணம், சோர்ஸின் பிளஸ் முனைக்குள் போகும் கரன்ட்டையே எல்டிஸ்பைஸ் பாசிட்டிவ் என்று எடுக்கும். மைனஸ் குறி போட்டால் சரியாகிவிடும்.

அதைவிடச் சுலபம்: வோல்டேஜ் சோர்ஸுக்குப் பதில் ஏசி 1 ஆம்பியர் கரன்ட் சோர்ஸ், அம்புக்குறி இன்புட்டை நோக்கி. அந்த நோடின் வோல்டேஜே ஓமில் இம்பீடன்ஸ். ஸ்வீப் எல்லையில் 30 மெகாஹெர்ட்ஸுக்கு வெறும் 'எம்' தட்டினால் மில்லி என்று எடுத்துக்கொள்ளும். 'மெக்' என்று முழுதாகத் தட்டுங்கள்.

டொராய்டு:
14.2 விஷயம்: 37 டெசிபல் என்பது சுமார் 69 ஓம். ஆனால் குறியைத் திருத்தியபின் ஃபேஸைப் பாருங்கள், மைனஸ் 90. அதாவது வெறும் கெப்பாசிட்டன்ஸ், ரெசிஸ்டன்ஸ் பாகம் கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த வகை ஃபில்டர் ஹார்மோனிக்கை விழுங்குவதில்லை, டிரான்சிஸ்டருக்கே திருப்பி அனுப்புகிறது. அளவை மட்டும் வரைந்தால் இது தெரியவே தெரியாது. அதே அச்சில் கார்ட்டீசியன் தேர்ந்தெடுத்தால் ரியல், இமாஜினரி தனித்தனியாக வரும். முதல் உறுப்பு கெப்பாசிட்டருக்குப் பதில் காயிலாக இருந்தால் ஹார்மோனிக்குக்குத் தெரிவது இண்டக்டன்ஸ். கடைசி ஆம்ப்ளிஃபையர் கிளாஸ்-இ (டிரான்சிஸ்டரை சுவிட்ச்போல ஓட்டும் வகை) என்றால் இந்த வித்தியாசம் டிரான்சிஸ்டரின் டிரெய்ன் முனையில் வரும் அலைவடிவத்தையே மாற்றும்.

சுருள்மணி:
இன்னொன்று, காயில் நஷ்டம். எல்டிஸ்பைஸ் தானாகப் போடுவது 1 மில்லிஓம்தான். டி37-6 என்ற வளையக் கோரில் 21, 24, 21 சுற்று என்று வைத்து, க்யூ (ரியாக்டன்ஸை நஷ்ட ரெசிஸ்டன்ஸால் வகுத்தது) 150 என எடுத்தால், 7.1ல் சீரிஸ் ரெசிஸ்டன்ஸ் 0.41, 0.5, 0.41 ஓம். அப்போது நஷ்டம் ஏறத்தாழ 0.17 டெசிபல், 5 வாட்டில் 0.2 வாட் சூடு. நானோவிஎன்ஏவில் (இம்பீடன்ஸ் அளக்கும் சிறு கருவி) எண் தள்ளி நின்றால் முதலில் சுற்றுகளை எண்ணுங்கள் (துளை வழியே ஒருமுறை போனாலே ஒரு சுற்று), பிறகு நெருக்கியோ விலக்கியோ பாருங்கள். கெப்பாசிட்டர் சி0ஜி ரகமாக (வெப்பத்தால் மதிப்பு அதிகம் மாறாத செராமிக்) இருக்கட்டும்.