ஏழு ஆண்டுகளாக ஒரே ஜெபம்: விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது?

கேள்வி:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் தம்பி குடிப்பழக்கத்திலிருந்து விடுபட வேண்டும் என்று ஏழு ஆண்டுகளாக ஜெபித்து வருகிறேன். ஜெபக் குறிப்புகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்புறம் விண்ணப்பத்தையும் வலப்புறம் பதில் கிடைத்த தேதியையும் எழுதுவேன். ஒரு நோட்டு தீர்ந்தால், பதில் வராதவற்றை அடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் மீண்டும் எழுதிக்கொள்வது வழக்கம். சென்ற வாரம் நான்காவது நோட்டைத் திறந்து தம்பியின் பெயரை எழுத உட்கார்ந்தபோது, கை ஓடவில்லை.

ஜெபக்கூட்டத்தில் மனம்விட்டுச் சொன்னால், "விசுவாசத்தோடு கேட்டீர்களா?" என்றுதான் கேட்கிறார்கள். பிறருடைய சாட்சிகளுக்கு அல்லேலூயா சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுகிறேன். கர்த்தர் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சொல்வது அவர் காதில் விழுகிறதா என்பதில்தான் சந்தேகம். இப்படிப்பட்ட மனத்தோடு முழங்காலிடுவது போலித்தனம் ஆகாதா?

பதில் 1:

சகோதரி, "விசுவாசம் குறைவு" என்ற அந்தத் தீர்ப்பை முதலில் இறக்கி வையுங்கள். தம் மாம்சத்திலிருந்த முள், அதாவது தம்மை வருத்திய ஒரு பாடு, நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டதாகப் பவுல் 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். முள் எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற சொல்தான் கிடைத்தது. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் ஆண்டவரும் மூன்று முறை ஜெபித்தார், பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லத் துணியமாட்டார். உங்களிடம் மட்டும் எப்படி இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

போலித்தனம் என்கிறீர்கள். மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறுகிறான். முழு விசுவாசத்தோடு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அவனுடைய பிள்ளையைக் குணமாக்கினார்.

பதில் 2:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். குடிக்கு அடிமையாவதை மருத்துவம் நோயாகவே பார்க்கிறது. பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே உபவாச ஜெபத்துக்கு அழைத்துச்சென்று அன்றே நிறுத்தவைக்க முயலாமல், மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்தச் செய்யுங்கள். அது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை நினைவூட்டுங்கள்.

பதில் 3:

பவுலுக்காவது ஒரு சொல் கிடைத்தது. அதுவும் கிடைக்காதவர் என்ன செய்வார் என்பதுதான் சகோதரியின் கேள்வி என்று நினைக்கிறேன்.

என் கணவரின் நோய்க்காக ஆண்டுக்கணக்கில் ஜெபித்தேன், அவர் பிழைக்கவில்லை. அந்த நாட்களில் 13ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார்கள். முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கும் தாவீது, ஆறாம் வசனத்தில் பாடத் தொடங்கிவிடுகிறார். என்னால் அவ்வளவு விரைவாக அங்கே போய்ச் சேர முடியவில்லை. எனக்குத் துணையிருந்தது 88ஆம் சங்கீதம். அதன் கடைசி வசனத்திலும் துதி இல்லை. சிநேகிதரும் விலகிப்போன இருளிலேயே அது முடிந்துவிடுகிறது. ஆனாலும் அது, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. இரவும் பகலும் கூப்பிட்டுப் பதில் பெறாதவன், கூப்பிடும் முகவரியை மட்டும் மாற்றவில்லை. நீங்களும் கேட்கிறாரா என்ற சந்தேகத்தை அவரிடமே கொண்டுபோகிறீர்கள். அதைப் போலித்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினின் தாய், மகன் கர்த்தரிடம் திரும்பும்படி ஆண்டுக்கணக்கில் ஜெபித்த மோனிக்காவையும் நினைத்துக்கொள்கிறேன். மகன் தன்னை விட்டுப் போய்விடக்கூடாது என்று அந்த அம்மாள் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் கடற்கரையில் ஓர் இரவெல்லாம் அழுது ஜெபித்தார். அந்த இரவிலேயே மகன் பொய் சொல்லிவிட்டு ரோமுக்குக் கப்பலேறினான். அன்று கேட்டது கிடைக்கவில்லை. அந்தப் பயணம்தான் அவனை மிலான் நகரத்துக்குக் கொண்டுபோனது. அங்கே 387இல் அவன் ஞானஸ்நானம் பெற்றான்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. அம்மா, மோனிக்காவின் மகன் திரும்பிவிட்டான் என்பது எனக்குத் தெரிந்த முடிவு. என் தம்பியின் முடிவு எனக்குத் தெரியாது. ஆதலால் இப்போதைக்கு 88ஆம் சங்கீதத்தோடு இருக்கிறேன். மருத்துவரிடம் போவதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் பேசப்போகிறோம். அவன் சம்மதிப்பானா என்று தெரியவில்லை. இன்று காலை நான்காவது நோட்டில் அவன் பெயரை எழுதினேன். பக்கத்தின் நடுவே கோடு மட்டும் போடவில்லை.