மறு: ‘டைவேரிகேட்டிங்’ புதர்களுக்குத் தமிழ்ச்சொல்

> பறவைகள் மேய்ந்து மேய்ந்து வந்த வடிவம்தானே? ‘மேய்ச்சல்தாங்கிப் புதர்’ என்று வைத்துவிடலாம்.

ஐயா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வடிவத்தைச் சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறது. அந்தக் காரணத்தில்தான் வழக்கே.

நியூசிலாந்தில் மனிதர் போய்ச் சேரும்வரை ஆடு, மான் எதுவும் கிடையாது. இலைதழை மேய்ந்த பெரிய விலங்கு என்றால் மோவா என்னும் பறக்காத பறவைதான். ஒன்பது இனங்கள் இருந்தன. அங்கே ஒன்றுக்கொன்று உறவில்லாத குடும்பங்களைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட செடியினங்கள் ஒரே தோற்றத்துக்கு வந்திருக்கின்றன: கம்பிபோல் மெலிந்த, எளிதில் முறியாத குச்சிகள், அகன்ற கோணத்தில் பிரிந்து குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கிளைகள், உள்ளே ஒளிந்த பொடி இலைகள். இந்தத் தோற்றத்தைத்தான் ‘டைவேரிகேட்டிங்’ என்கிறார்கள். பல்லில்லாத அலகால் எவ்வளவு கொத்தினாலும் வாய் நிறையாது. 1977இல் கிரீன்வுட், அட்கின்சன் என்னும் ஆய்வாளர்கள் இதை மோவாவுக்கு எதிரான தற்காப்பு என்று வாதிட்டார்கள். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஈமுவுக்கும் நெருப்புக்கோழிக்கும் இச்செடிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை தின்னும் வேகம் நன்றாகக் குறைந்தது.

இல்லை, உறைபனிக்கும் காற்றுக்கும் வெளிக்குச்சிகள் வேலிபோல் நிற்கின்றன, அவ்வளவுதான் என்பது எதிர்த்தரப்பு. எனக்கு மோவா பக்கம்தான் சாய்வு. ஆனாலும் எதிர்த்தரப்பினரும் தயங்காமல் எழுதக்கூடிய சொல்லாக இருக்க வேண்டாமா?

‘புதர்’ என்பதும் ஒட்டாது. கோவாய் என்னும் நியூசிலாந்து மரத்தில் ஓரினம் இளமையில் இப்படிச் சிக்குண்டு கிடந்து, வளர்ந்தபின் சாதாரண மரமாகக் கிளைவிடுகிறது. மோவாவின் தலைக்கு எட்டாத உயரம் போனதும் தற்காப்பு தேவையில்லை என்று கிரீன்வுட் தரப்பு காட்டும் சான்றே இதுதான்.

‘விரிகிளை’ என்றால் ஆலமரமும் அதில் அடங்கும். ‘பின்னற்கிளை’யில் ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது, இங்கே ஒழுங்கே கிடையாது. தலைமுடியில் விழும் சிடுக்கை எடுத்துக்கொண்டு ‘சிடுக்குக்கிளைப்பு’ என்கிறேன். பேச்சுவழக்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

* * *

> ‘சிடுக்குக்கிளைப்பு’ என்கிறேன்.

பொருள் சரி, உச்சரிக்க நாக்குத்தான் இடறுகிறது. ‘சிடுக்குக்கிளை’ என்று நிறுத்தினால் போதாதா? ‘சிடுக்குக்கிளைச் செடி’, ‘சிடுக்குக்கிளைப் பருவம்’ என்று பெயரடையாகவும் நிற்கும். கோவாய்க்கு இரண்டாவது கட்டாயம் வேண்டும். அப்புறம், ‘மேய்ச்சல்தாங்கி’யை வீணாக்க வேண்டாம், மேய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும் புற்களுக்கு அது அச்சாகப் பொருந்தும்.